பழைய ரோட்ஸ்டர் வாங்கி மாடிஃபை பண்ணணுமா? முதல்ல துருவைத் தேடுங்க

மாஸ்டா ரோட்ஸ்டர், அதாவது துணிக் கூரையை மடக்கித் திறக்கற ரெண்டு சீட் கார் ஒண்ணு வாங்கி எனக்கு ரெண்டரை வருஷம் ஆகுது. அதுல முதல் பதினாலு மாசம் வண்டி ரோட்டுல ஓடினதை விட ஸ்டாண்டு மேல தூக்கி நின்னதுதான் ஜாஸ்தி. வண்டி மேல தப்பு இல்ல, நான் வாங்கின விதமும் வேலை பார்த்த வரிசையும்தான் தப்பு. பெயிண்ட் பளபளப்பைப் பாத்து மயங்கி வாங்கினேன், வாங்கின மறு வாரமே ஷாக் அப்சார்பர் மாத்தினேன், பேப்பரைக் கடைசியாப் பாத்தேன். சரியா தலைகீழ். அதை நேராப் போட்டா எப்படி இருக்கணும்னுதான் கீழ எழுதியிருக்கேன், முதல் தடவை இந்த மாதிரி வண்டி வாங்கறவங்களுக்காக.

1. எந்த வண்டின்னு முடிவு பண்ணுங்க

சின்ன வண்டி, லேசான வண்டி, பின் சக்கரம் தள்ற வண்டி, ஜப்பான்காரன் பண்ணினது, விலையும் கைக்கு எட்டணும், பார்ட்ஸும் கிடைக்கணும்னு பாத்தா பெரும்பாலும் மாஸ்டா ரோட்ஸ்டரோட முதல் தலைமுறை, எம்எக்ஸ்-5லதான் வந்து நிப்பீங்க. 1989ல இருந்து 1997 வரைக்கும் வந்தது, என்ஏன்னு சொல்லுவாங்க, அமெரிக்காவுல மியாட்டா, ஜப்பான்ல யூனோஸ் ரோட்ஸ்டர். தொடக்கத்துல 1.6 லிட்டர் இன்ஜின், ஜப்பான் வண்டியில 120 குதிரைசக்தி, எடை சுமார் 940 கிலோ. 1993ல 1.8 லிட்டர் வந்துச்சு, கொஞ்சம் எடை கூடுச்சு ஆனா பிரேக்கும், பின் சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்ஷியலும் பெருசாச்சு. டர்போ (காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளி பவர் ஏத்தறது) வரைக்கும் போற ஆசை இருந்தா 1.8 தேடுங்க, பின்னாடி செலவு மிச்சம். சும்மா மலைப்பாதையில ஓட்டி ரசிக்கணும்னா 1.6தான் எனக்குப் பிடிக்கும், இன்ஜின் லேசா சுத்தும்.

மேல எழும்பற ஹெட்லைட் இல்லாட்டி பரவாயில்லன்னு மனசு வந்தா 1998க்கு அப்புறம் வந்த ரெண்டாம் தலைமுறை என்பியும் பாருங்க, அடிப்படை அமைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், பல இடத்துல விலை கம்மி, பின் கண்ணாடி நிஜக் கண்ணாடி. ஆனா அதுல முன்பக்க சேசிஸ் ரெயில் (அடியில நீளமா ஓடற சட்டம்) உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கும், அதை ராம்ப்ல ஏத்திப் பாக்காம வாங்காதீங்க.

டொயோட்டா ஏஇ86 மேல ஆசை இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அதே உடம்புல ஏஇ85ன்னு 1.5 லிட்டர் சிங்கிள் கேம் இன்ஜின் போட்ட சாதா வண்டி வந்துச்சு, அதை 86 மாதிரி மாத்தி 86 விலைக்கு விக்கறாங்க. ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர்) அடிச்சிருக்கற சேசிஸ் நம்பர் ஏஇ86ன்னு ஆரம்பிக்குதான்னு நேர்ல பாருங்க, போட்டோல நம்பாதீங்க. நிசான் சில்வியா எஸ்13ல பாதி வண்டி டிரிஃப்ட்ல, அதாவது பின் சக்கரத்தை வழுக்க விட்டு ஓட்டறதுல, அடி வாங்கினது. இனிமே கீழ எழுதறது எல்லாம் என்ஏ பத்தித்தான், ஆனா துருவும் பேப்பரும் மாடிஃபிகேஷன் வரிசையும் எல்லாத்துக்கும் பொருந்தும்.

2. காசை மூணு பங்காப் பிரிங்க

கையில இருக்கற மொத்தக் காசையும் வண்டிக்குக் குடுத்துட்டா யானை வாங்கிட்டு அங்குசம் வாங்கக் காசில்லாம நிக்கிற கதைதான். என் கணக்கு இது: மொத்தம் 100ன்னு வச்சுக்கோங்க, 60 வண்டிக்கு, 25 வாங்கின உடனே பண்ண வேண்டிய சர்வீஸுக்கும் ரிப்பேருக்கும், 15 மாடிஃபிகேஷனுக்கு. வெளிநாட்டுல இருந்து கொண்டு வர்றதா இருந்தா கப்பல், வரி, துறைமுகச் செலவு எல்லாம் அந்த 60க்குள்ளயே அடங்கணும். வண்டி எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்த 25ஐத் தொடாதீங்க, முப்பது வருஷம் ஆன ரப்பரும் ஹோஸும் விக்கிறவர் நல்லவரா கெட்டவரான்னு பாத்து கிழியறது இல்ல.

டைம் கணக்கும் சொல்லிடறேன். சரியான வண்டி தேட மூணு நாலு மாசம் எடுத்துக்கோங்க. உள்ளூர்ல வாங்கினா பேப்பர் மாத்த ரெண்டு மூணு வாரம். ஜப்பான்ல இருந்துன்னா ஏலத்துல எடுத்ததுல இருந்து வீட்டு வாசலுக்கு வர ரெண்டு மாசத்துல இருந்து நாலு மாசம் ஆகும்னு மனசுல வச்சுக்கோங்க. அடிப்படை சர்வீஸ் ரெண்டு வார இறுதியில முடிஞ்சுடும்னு நினைப்பீங்க, பார்ட்ஸ் வந்து சேர்ற நேரத்தையும் சேத்தா ரெண்டு மாசம்.

3. வண்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி பேப்பர்

போன்லயே கேட்டுடுங்க. ரெஜிஸ்ட்ரேஷன் யார் பேர்ல இருக்கு, விக்கிறவர் அதே ஆள்தானா, லோன் பாக்கி இருக்கா, கடைசி இன்ஸ்பெக்‌ஷன் எப்போ ஆச்சு, சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பேப்பர்ல இருக்கறதும் வண்டியில இருக்கறதும் ஒண்ணா. கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க"ன்னு பதில் வந்தா, ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

நான் சிக்கினதே இங்கதான். என் வண்டியில முந்தின ஓனர் யாரோ 1.8 இன்ஜின் மாத்தியிருக்காரு, நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனா பேப்பர்ல இன்னும் 1.6, பழைய இன்ஜின் நம்பர். பேர் மாத்தப் போன இடத்துல ஆபீசர் பானெட்டைத் திறக்கச் சொன்னாரு, அங்கேயே நின்னுபோச்சு. இன்ஜின் வாங்கின பில் கொண்டா, மாத்தின ஒர்க்‌ஷாப் லெட்டர் கொண்டா, புதுசா இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுன்னு ஏழு வாரம் போச்சு. பில் வச்சிருந்த பழைய ஓனரைத் தேடிக் கண்டுபிடிக்கவே அதுல மூணு வாரம். இன்ஜின் மாத்தின வண்டின்னா பில்லும் லெட்டரும் கைக்கு வந்தப்புறம்தான் அட்வான்ஸ், அதுக்கு முன்னாடி ஒரு பைசா குடுக்காதீங்க.

பழைய சர்வீஸ் பில் ஒரு ஃபைல் நிறைய இருக்கற வண்டிக்கு கொஞ்சம் கூடக் குடுக்கலாம். டைமிங் பெல்ட் மாத்தின பில் தேதியோடயும் கிலோமீட்டரோடயும் இருக்கான்னு பாருங்க, "போன வருஷம்தான் மாத்தினேன்"ங்கற வாய்ப்பேச்சு கணக்குல வராது.

4. ஜப்பான்ல இருந்து எடுக்கறதா இருந்தா

முதல்ல உங்க நாட்டுல இந்த வயசு வண்டியைக் கொண்டு வர முடியுமான்னு பாருங்க. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம். அமெரிக்காவுல 25 வருஷம் ஆனா பாதுகாப்பு விதியில விலக்கு உண்டு, அதை வண்டி தயாரான மாசத்துல இருந்து எண்ணுவாங்க. கனடாவுல 15 வருஷம். பழைய வண்டிக்கு வாசலே திறக்காத நாடுகளும் உண்டு. இதை ஏஜெண்ட் கிட்ட கேக்காதீங்க, கஸ்டம்ஸ் துறையோட சொந்த அறிவிப்பைப் படிங்க. ஸ்டியரிங் எந்தப் பக்கம்ங்கறதும் அதுலயே இருக்கும்.

அடுத்தது ஏலத் தாள். ஜப்பான் ஏலத்துல ஒவ்வொரு வண்டியையும் பரிசோதிச்சு ஒரு தாள்ல மார்க் போடுவாங்க. இந்த வயசு வண்டிக்கு 4 வந்தா ரொம்ப நல்லது, 3.5 தாராளமாப் போதும். ஆர்னு போட்டிருந்தா அடிபட்டு ரிப்பேர் ஆன வண்டி, ஆனா சில சமயம் சின்ன பேனல் மாத்தினதுக்கும் ஆர் போடுவாங்க, அதனால தாள்ல இருக்கற வண்டிப் படத்தை உத்துப் பாருங்க. அதுல 'ஏ'ங்கற எழுத்து இருந்தா கீறல், யூன்னா நெளிவு, டபிள்யூன்னா பட்டி பாத்து பெயிண்ட் அடிச்ச அலை, எஸ்னா துரு, சீன்னா அரிச்சுத் தின்ன துரு, எக்ஸ்னா மாத்தியே ஆகணும், ரெண்டு எக்ஸ்னா ஏற்கனவே மாத்தினது. பக்கத்துல வர்ற எண் கூடக் கூட சேதம் பெருசு. எஸ் ஒண்ணு இருந்தா பயப்பட வேணாம், கதவுக்குக் கீழ இருக்கற சில் மேல சீ இருந்தா அந்த வண்டியை விட்டுடுங்க.

படத்தை விட முக்கியம் கீழ ஜப்பானிய மொழியில கையால எழுதியிருக்கற குறிப்பு. "ஷிதாமவாரி சாபி"ன்னு இருந்தா அடிப்பக்கம் துரு. ஏஜெண்ட் தர்ற மொழிபெயர்ப்புல இந்த வரி சில நேரம் காணாமப் போயிடும், அதனால ஒரிஜினல் தாளை வாங்கி ஜப்பானிய மொழி தெரிஞ்ச வேற ஒருத்தர் கிட்ட காட்டுங்க. வடக்குல ஹொக்கைடோ, மேற்குக் கரையில நிகாட்டா மாதிரி பனி கொட்டற ஊர்ல ஓடின வண்டின்னா ரோட்டுல உப்பு தூவியிருப்பாங்க, ரெண்டு மடங்கு ஜாக்கிரதை.

கையில வர வேண்டிய பேப்பர்: ஏலத் தாள் ஒரிஜினல் காப்பி, ஜப்பான்ல ரெஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணின எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட், அதோட மொழிபெயர்ப்பு, இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது). எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் இல்லாம பல நாட்டுல ரெஜிஸ்டர் பண்ணவே முடியாது, அதுல முதல் ரெஜிஸ்ட்ரேஷன் மாசமும் சேசிஸ் நம்பரும் இருக்கும். ஜப்பான்ல விக்கப் பண்ணின வண்டியில 17 இலக்க நம்பர் கிடையாது, என்ஏ6சிஇ இல்ல என்ஏ8சின்னு ஆரம்பிச்சு ஆறு இலக்கம்தான் வரும், 17 இலக்கம் கேக்கற கம்ப்யூட்டர் ஃபார்ம் முன்னாடி மாட்டிக்கிட்டா பதறாதீங்க, அதுக்கு விலக்கு வழி பல ஆபீஸ்ல உண்டு, கேட்டு வாங்கணும்.

கப்பல் கிளம்பின உடனே ஒரிஜினல் பேப்பரை கூரியர்ல அனுப்பச் சொல்லி டிராக்கிங் நம்பர் வாங்குங்க. வண்டி வந்து பேப்பர் வரலைன்னா துறைமுகத்துல நாள் கணக்குல வாடகை ஏறும், அது ஒரு செட் டயர் விலையைச் சத்தமில்லாம முழுங்கிடும். ரோல்-ஆன் கப்பல்ல, அதாவது வண்டியை ஓட்டியே ஏத்தற கப்பல்ல, வண்டிக்குள்ள ஸ்பேர் பார்ட்ஸ் வச்சு அனுப்பறதை பெரும்பாலும் அனுமதிக்க மாட்டாங்க, கூட வீல் எதாவது வாங்கியிருந்தா கன்டெய்னர்தான் சரி.

5. நேர்ல பாக்கறப்போ துரு, துரு, துரு

இன்ஜின் கெட்டுப்போனா இன்னொண்ணு வாங்கி மாட்டலாம். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், சீட், ஹூட் (துணிக் கூரை) எல்லாம் கிடைக்குது. உடம்பு அரிச்சுப் போச்சுன்னா வெட்டி வெல்டிங் பண்ற காசுல இன்னொரு வண்டியே வாங்கிடலாம். அதனாலதான் சொல்றேன், நீங்க வாங்கறது தகரம், மத்ததெல்லாம் அதுல மாட்டியிருக்கற சாமான்.

என்ஏல முதல் இடம் பின் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற சில். கதவுக்குக் கீழ முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் பெட்டி மாதிரி ஓடுதே அதுதான். காரணம் என்னன்னா, துணி ஹூட்ல விழற மழைத்தண்ணி சீட்டுக்குப் பின்னாடி ஒரு வாய்க்கால்ல சேந்து ரெண்டு பக்கமும் குழாய் வழியா இறங்கி பின் சக்கரத்துக்கு முன்னால வெளிய போகணும். இலை தழை சேந்து குழாய் அடைச்சா தண்ணி சில்லுக்குள்ளயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளிய கொப்புளம் தெரியும்போது உள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காது.

செக் பண்ற விதம்: துணி சுத்தின சின்ன காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. சில்லோட பின்பாதி முழுக்க, கீழ் விளிம்பு வரைக்கும் வச்சுப் பாருங்க. ஒட்டாத இடம் பட்டி. என் வண்டியில ஒரு கை நீளத்துக்கு ஒட்டவே இல்ல, ஆனா நான் காந்தம் கொண்டு போனது வாங்கி மூணு மாசம் கழிச்சு. பட்டியைச் சுரண்டினா உள்ள செய்தித்தாளும் ஃபோமும் அடைச்சு மேல பூசியிருந்தாங்க. அந்த சாயங்காலத்தை இப்போ நினைச்சாலும் வயிறு கலங்குது. ரெண்டு பக்கமும் வெட்டி புதுத் தகரம் வச்சு வெல்டிங் பண்ண, வண்டி விலையில மூணுல ஒரு பங்கு போச்சு.

அப்புறம் வண்டி கிளம்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் காது குடுங்க, சில்லுக்குள்ள தண்ணி தளும்பற சத்தம் கேட்டா கும்பிட்டு வந்துடுங்க. முன் ஃபெண்டரோட பின் கீழ் மூலை, டிக்கியில பேட்டரிக்கு அடி, சீட்டுக்குப் பின்னாடி கார்பெட்டுக்கு அடி, இந்த மூணையும் பாருங்க. இந்த வண்டியில பேட்டரி டிக்கிக்குள்ள இருக்கு, கம்பெனி குடுத்தது மூடின வகை, காத்துக் குழாயோட. சாதா பேட்டரி வச்சு குழாய் மாட்டாம விட்டா ஆசிட் ஆவி தகரத்தைத் தின்னுடும்.

அடியில சில் ஓரமா ஜாக்கி வைக்கிற மடிப்பு விளிம்பு நசுங்கியிருக்கான்னும் பாருங்க. நசுங்கின இடத்துல பெயிண்ட் வெடிச்சு துரு அங்கதான் ஆரம்பிக்கும். நீங்க வாங்கினப்புறம் யார் தூக்கினாலும் முன்னாடி குறுக்குச் சட்டம், பின்னாடி டிஃபரன்ஷியல், இந்த ரெண்டு இடத்துல ஜாக்கி வைக்கச் சொல்லுங்க. கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கற நீளமான அலுமினியச் சட்டம் ஒண்ணு நடுவுல போகும், அதுல ஜாக்கி வைக்க விடவே விடாதீங்க.

6. இன்ஜினும் கியரும்

இன்ஜின் கெட்டிதான், பயப்பட வேணாம். ஒரே ஒரு பெரிய கண்ணி: 1989ல இருந்து 1991 நடு வரைக்கும் வந்த 1.6ல கிராங்க் ஷாஃப்ட்டோட (இன்ஜினுக்குள்ள சுத்தற முக்கியத் தண்டு) மூக்கு, அதாவது முன் முனை, குட்டை. புல்லி ஆட ஆரம்பிச்சு, அதைப் பூட்டற சின்ன இரும்புச் சாவி உக்கார்ற பள்ளம் தேஞ்சு டைமிங் தள்ளிப் போகும், கடைசியில கிராங்கே மாத்தணும். முன்னாடி குனிஞ்சு கிராங்க் புல்லி நடுப்பகுதியைப் பாருங்க, 4 வெட்டு இருந்தா குட்டை மூக்கு, 8 வெட்டு இருந்தா பிரச்சினை இல்லாதது. குட்டைன்னா வேணாம்னு சொல்ல வரல, ஒழுங்கா இறுக்கி வச்ச வண்டி எத்தனையோ ஓடுது, ஆனா இன்ஜின் ஓடும்போது புல்லி ஆடுதான்னு பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி விலையைக் குறைங்க.

ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் ஆறி இருக்கணும், முன்கூட்டியே சூடு பண்ணி வச்சிருந்தா ஏன்னு கேளுங்க. முதல் நிமிஷம் மேல டிக் டிக்னு வர்ற சத்தம் ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்துல வால்வைத் தள்ற சாமான்), நல்ல ஆயில் மாத்தினா பெரும்பாலும் அடங்கிடும். இன்ஜினுக்குப் பின்னாடி ஃபயர்வால் பக்கம் ஆயில் வழிஞ்சிருந்தா அது கேம் ஆங்கிள் சென்சாரோட ஓ-ரிங், சில்லறை விலை, ஆனா கை நுழையாத இடம். ரேடியேட்டர் மேல்தொட்டி பிளாஸ்டிக் கறுப்பு போய் பழுப்பா மாறியிருந்தா வெடிக்கப் போகுதுன்னு அர்த்தம், புதுசு ஒண்ணு கணக்குல சேத்துடுங்க. கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ண விட்டா பண்ணுங்க, வர்ற எண் எவ்வளவுங்கறதை விட நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா இருக்கறதுதான் முக்கியம், 2 கிலோ பிரஷருக்கு மேல வித்தியாசம் வந்தா யோசிங்க.

ஆயில் பிரஷர் முள் விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. முதல் சில வருஷ வண்டியில அது நிஜ மீட்டர், இன்ஜின் வேகத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும். 1995க்கு அப்புறம் வந்ததுல அது வெறும் சுவிட்ச், நடுவுல போய் நின்னுடும், அதை நம்பி இன்ஜினைப் பத்தி முடிவு பண்ணாதீங்க.

ஓட்டும்போது கிளட்ச் பெடல் தரையோட ஒட்டிக்கிட்டா கிளட்ச்சைத் தள்ற, கீழ இருக்கற ஸ்லேவ் சிலிண்டர் கசியுது. இந்த வண்டிக்கு அது வழக்கமான வியாதி, பெடல் பக்கம் இருக்கற மாஸ்டர் சிலிண்டரையும் சேத்து ரெண்டையும் ஒரே நாள்ல மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா மத்தது ஒரு மாசத்துல போகும். ரெண்டாவது கியர் ஆறின கியர் பாக்ஸ்ல கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சூடானப்புறமும் கரகரன்னா சின்க்ரோ (கியர் மாத்தும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கற வளையம்) தேஞ்சது.

7. முதல் ரெண்டு மாசம் மாடிஃபிகேஷன் கிடையாது

கை துறுதுறுன்னு இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ஆனா வண்டி எந்த நிலையில இருக்குன்னு தெரியாம மாத்தினா அப்புறம் வர்ற ஒவ்வொரு சத்தமும் புதுப் பார்ட்டால வந்ததா பழசால வந்ததான்னு தெரியாம மண்டை காயும்.

டைமிங் பெல்ட், கூடவே வாட்டர் பம்ப், டென்ஷனர், கேம் சீல், முன் கிராங்க் சீல். பிரிச்சது பிரிச்சாச்சு, எல்லாத்தையும் ஒரே தடவையில முடிங்க. ரேடியேட்டர் ஹோஸ், இன்ஜினுக்குப் பின்னாடி போற ஹீட்டர் ஹோஸ் உட்பட. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட். ஸ்பார்க் பிளக்கும் பிளக் வயரும், ஏன்னா இந்த வண்டியில ஆக்சிலேட்டர் மிதிச்சா திக்கறதுக்கு பாதி நேரம் வயர்தான் காரணம், காயில் போச்சுன்னு சொல்லி காசு புடுங்க விடாதீங்க. கியர் லிவருக்கு அடியில இருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கும், மாத்தினா காலுக்கு வர்ற அனல் நின்னுடும். அப்புறம் அந்த மழைத்தண்ணிக் குழாய் ரெண்டையும் வளையற பிளாஸ்டிக் கம்பி விட்டு மெதுவாச் சுத்தம் பண்ணுங்க, குத்தி ஓட்டை போட்டுடாதீங்க.

பார்ட்ஸ் விஷயத்துல இந்த வண்டிக்குக் குடுப்பினை இருக்கு. மாஸ்டாவே 2017ல ஜப்பான்ல என்ஏக்குன்னு ரெஸ்டோரேஷன் திட்டம் அறிவிச்சு, நின்னுபோன பார்ட்ஸ் சிலதைத் திரும்பப் பண்ண ஆரம்பிச்சாங்க. கம்பெனி ஹூட், 14 இன்ச் டயர் வரைக்கும் அதுல வந்துச்சு. அதனால ரப்பர் சீல் மாதிரி சாமானுக்கு முதல்ல கம்பெனி பார்ட் நம்பர் போட்டுத் தேடுங்க.

8. மாடிஃபிகேஷன் வரிசை

முதல்ல டயர். பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும், 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் பண்ணினது. ஆறு வருஷம் தாண்டினா பட்டன் எவ்வளவு இருந்தாலும் கல்லுதான், மாத்துங்க. இந்த வண்டிக்கு வந்த அளவு 185/60 14 இன்ச், 15 இன்ச்ல 195/50 நல்லா உக்காரும், அதுக்கு மேல போனா ஸ்டியரிங் கனமாகும், வண்டியோட உயிரே போயிடும். வீல் போல்ட் அளவு 4க்கு 100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்துல 4 போல்ட்.

ரெண்டாவது புஷ், அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகள்ல இருக்கற ரப்பர் உருளை. முப்பது வருஷ ரப்பர் வெடிச்சு நூலா நிக்கும், அதுமேல எவ்வளவு விலை ஷாக் போட்டாலும் வீண். நான் முதல்ல ஷாக் போட்டு அலைன்மென்ட் பண்ணி, நாலு மாசம் கழிச்சு புஷ் மாத்தி மறுபடி எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி அலைன்மென்ட் பண்ணினேன், ஒரே வேலைக்கு ரெண்டு கூலி. இதுல ரெண்டு கண்ணி இருக்கு. ஒண்ணு, அலைன்மென்ட் பண்ற நீள போல்ட்டுகள் புஷ்ஷுக்குள்ள துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும், வேலைக்கு ஒரு வாரம் முன்னாடியே தினமும் துருவை இளக்கற ஆயில் அடிங்க, புது போல்ட் கையில வச்சுக்கிட்டு ஆரம்பிங்க, இல்லாட்டி வண்டி ஒர்க்‌ஷாப்ல பத்து நாள் படுத்துடும். ரெண்டு, ரப்பர் புஷ் போட்டா வண்டியைத் தரையில இறக்கி எடை சக்கரத்துல நிக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கணும், தூக்கின நிலையில இறுக்கினா முறுக்கிக்கிட்டு சீக்கிரமே கிழியும். மெக்கானிக் பக்கத்துல நின்னு இதைச் சொல்லுங்க.

மூணாவது பிரேக். நல்ல பேடு, புது ஃப்ளூயிட், புது ஹோஸ், ரோட்டுக்கு இது போதும். டிராக்ல ஓட்டப் போறவங்க 1.6 வண்டியில 1.8 வண்டியோட பிரேக்கை மாட்டலாம், முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர்ல இருந்து 255 ஆகும், காலிப்பரும் பிராக்கெட்டும் சேத்து வாங்கணும், அப்படியே உக்காரும்.

நாலாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும். இதுலதான் ஜாஸ்தி பேர் வண்டியைக் கெடுக்கறாங்க. என்ஏல சஸ்பென்ஷன் மேல போற தூரம் ரொம்பக் கம்மி, ரொம்ப இறக்கினா சின்னக் குழியிலயே பம்ப் ஸ்டாப்ல (ஷாக் மேல இருக்கற ரப்பர் தடுப்பு) போய் முட்டி வண்டி குதிக்கும், திருப்பத்துல பின்பக்கம் சட்டுனு விட்டுக்குடுக்கும். வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் 12.5 இன்ச்சுக்குக் கீழ போகாதீங்கன்னு நான் சொல்லுவேன். என்பி வண்டியோட ஷாக் மேல்மவுண்ட் வாங்கிப் போட்டா கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கும், மலிவான நல்ல வேலை. விலை கம்மியா கலர் கலரா வர்ற காயில்ஓவரை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா வர்ற செட்) விட நல்ல ஷாக்கும் சுமாரான ஸ்பிரிங்கும் எவ்வளவோ மேல். அலைன்மென்ட்டுக்கு தொடக்கமா முன்னாடி கேம்பர் (முன்னால நின்னு பாத்தா சக்கரம் சாஞ்சிருக்கற கோணம்) மைனஸ் 1 டிகிரி, பின்னாடி மைனஸ் 1.5, முன் டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கறது) பூஜ்யம், பின்னாடி ரொம்பக் கொஞ்சமா உள்பக்கம். டிரைவர் சீட்ல உங்க எடை இருக்கும்போது பண்ணச் சொல்லுங்க, இவ்வளவு லேசான வண்டியில ஒரு ஆள் எடைக்கே கணக்கு மாறும்.

திறந்த ஏர் ஃபில்டர், பெரிய சைலன்ஸர் எல்லாம் சத்தம்தான், பவர் இல்ல. ஃபில்டர் இன்ஜின் சூட்டுக் காத்தை இழுத்து இருக்கறதையும் குறைக்கும்.

9. ரோல் பார் இல்லாம டிராக் போகாதீங்க

திறந்த வண்டி, கவுந்தா தலையைக் காக்க முன் கண்ணாடிச் சட்டம் மட்டும்தான். அதனாலதான் சீட்டுக்குப் பின்னாடி வளைஞ்சு நிக்கற இரும்புக் குழாய், ரோல் பார், வேணும். ரோல் பார் போட்டப்புறம் ஹெல்மெட் மாட்டி உக்காருங்க, ஒரு நீளக் கம்பை ரோல் பார் உச்சியில இருந்து முன் கண்ணாடி மேல்சட்டம் வரைக்கும் வச்சுப் பாருங்க, ஹெல்மெட் அந்தக் கம்புக்கு நல்லாவே கீழ இருக்கணும், ரெண்டு இன்ச்சாவது. உயரமான ஆள்னா சீட்டை இறக்கணும், சீட் ஃபோமை வெட்டியே கொஞ்சம் கிடைக்கும். அலங்காரத்துக்கு விக்கற பளபள வளையம் பாதுகாப்பு இல்ல, தரைத் தகரத்துல தகடு வச்சு போல்ட் பண்றதுதான் ரோல் பார். தலை படற இடத்துல கெட்டி பேடிங் சுத்துங்க, சாதா ரோட்டுல ஹெல்மெட் இல்லாத தலை இரும்புல மோதினா உயிர் போகும்.

ரோல் பார் இல்லாம நாலு பாயின்ட், அஞ்சு பாயின்ட் ரேஸ் பெல்ட் போடவே போடாதீங்க. வண்டி கவுந்தா சாதா பெல்ட்ல உடம்பு சாயவாவது வழி உண்டு, அந்த பெல்ட் உங்களை நிமிர்த்தியே பிடிச்சு வச்சுடும்.

10. டர்போ, கடைசியா

கிட் விலையைப் பாத்துட்டு மொத்தச் செலவு அதுதான்னு நினைக்காதீங்க, அதை ரெண்டால பெருக்குங்க. தனி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) வேணும், பெரிய இன்ஜெக்டர், கிளட்ச், நல்ல ரேடியேட்டர், டைனோல (பவர் அளக்கற மெஷின்) ட்யூன் பண்ற கூலி. 1.6ல டிஃபரன்ஷியல் சின்னது, டர்போ முறுக்குக்குத் தாங்காது, 1.8 வண்டியோட பெரிய டிஃபரன்ஷியல் தேடணும். சக்கரத்துல 200 குதிரைசக்தியைத் தாண்டினா கம்பெனி கனெக்டிங் ராடும் கவலைதான்.

கூலன்ட் ரீரூட்டும், அதாவது இன்ஜின் தண்ணி வெளிய போற வழியை மறுபடி பின்பக்கம் மாத்தறதும், இந்த வரிசையில சேரும். இந்த இன்ஜின் முதல்ல முன் சக்கர வண்டிக்குக் குறுக்கா வைக்கப் பண்ணினது, தண்ணி வெளியேற்றம் பின்பக்கம் இருந்துச்சு. ரோட்ஸ்டர்ல அதை முன்னாடிக்குக் கொண்டு வந்ததால பின்னாடி சிலிண்டர்கள் பக்கம் தண்ணி ஓட்டம் கம்மி. சாதாரணமா ஓட்டினா ஒண்ணும் ஆகாது, டர்போவும் டிராக்கும் சேந்தா நாலாவது சிலிண்டர் சூடாகும். ஒரு வருஷம் கம்பெனி இன்ஜினோட ஓட்டுங்க, அப்புறமும் பவர் பத்தலைன்னு தோணினா இறங்குங்க. எனக்கு இன்னும் தோணலை.

11. மாத்தினதை எழுத்துல வாங்குங்க

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னாடி உங்க ஊர் இன்ஸ்பெக்‌ஷன் சட்டம் எதை அனுமதிக்குதுன்னு கேளுங்க. பெரும்பாலும் சிக்கறது உயரம், சத்தம், புகை, ஏர்பேக் ஸ்டியரிங்கை மாத்தறது, இன்ஜின் மாத்தறது. கம்பெனி பார்ட்ஸை விக்காம மூட்டை கட்டி வைங்க, இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திரும்ப மாட்ட வேண்டி வரலாம், வண்டியை விக்கும்போதும் அதுக்கு மதிப்பு உண்டு.

இன்ஷூரன்ஸ்ல முன்கூட்டியே தொகை பேசி எழுதிக்கற பாலிசி கிடைக்குதான்னு கேளுங்க. சாதா பாலிசியில முப்பது வருஷ வண்டின்னு சொல்லி பழைய இரும்பு விலை போடுவாங்க. வண்டியை நாலு பக்கமும் அடியிலயும் போட்டோ எடுத்து, எல்லா பில்லையும் தேதிவாரியா வச்சு அதோட குடுங்க. மாடிஃபிகேஷன் ஒவ்வொண்ணையும் ஈமெயில்ல எழுதிச் சொல்லி பதில் வாங்குங்க, போன்ல சொன்னது கிளெய்ம் அன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் ரோல் பார் போட்டதுக்கு அவங்க கிட்ட இருந்து பதில் வர ஒன்பது நாள் ஆச்சு, அந்த ஒன்பது நாளும் வண்டியை ஷெட்டை விட்டு எடுக்கலை. நீங்க வேலைக்கு தேதி குறிக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அந்த ஈமெயிலை அனுப்பிடுங்க.